ஒரு குடும்பப் பெயருக்கு மூன்று சுற்று

ககோஷிமா
22 நவம்பர் 1998

ரின்தாரோ,

நேற்று போனை வைத்தது நான்தான். கை தவறவில்லை, லைன் அறுந்துபோகவில்லை, எங்கள் ஊர் எரிமலை மேலும் பழி போட முடியாது. வேண்டுமென்றே வைத்தேன். "எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க, இதுல என்ன இருக்கு?" என்று கேட்டாய் அல்லவா, அந்தக் கேள்விக்காக வைத்தேன்.

என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், கேள். கல்யாணத்தைப் பதிவு செய்யும் படிவத்தில் கணவன், மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான் இருக்கலாம். இரண்டு கட்டங்கள். ஒன்றில் டிக் அடித்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. ஒன்று உன் இவஹாஷி, இல்லை என் மொரிசாகி. யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அது நான்தான் என்று நீயும், உன் அம்மாவும், எங்கள் டிப்போ மேலாளரும் முடிவு செய்தாகிவிட்டது. மேலாளர் வீட்டு நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும். என்னைக் கேட்கத்தான் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

நான் டிராம் ஓட்டும்போது என் தலைக்கு மேலே ஒரு சின்னப் பலகை இருக்கிறது. "ஓட்டுநர்: மொரிசாகி." அதை முதல் நாள் மாட்டியபோது பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். இப்போது அதே ஆள் "மொரிசாகி வண்டிதானே?" என்று கேட்டு ஏறுகிறார். அந்தப் பலகையைக் கழற்றி வேறொன்றை மாட்டச் சொல்கிறாய். என்ன இருக்கு என்று வேறு கேட்கிறாய்.

கடைசியில் "சரி, கல்-கத்தரி-காகிதம் போட்டுப் பாத்துடலாம்" என்றாய். உன்னோடு அதை ஆடுவதில் சுவாரசியமே இல்லை, நீ பிறந்ததிலிருந்து கல்லைத் தவிர வேறெதையும் காட்டியதில்லை. அதைவிட, நாம் எப்படிச் சந்தித்தோமோ அப்படியே தீர்த்துக்கொள்ளலாம். ஒசாகாவில் அந்த எலக்ட்ரானிக்ஸ் கடை வாசலில், பள்ளிப் பிள்ளைகள் நடுவே வளர்ந்த மாடு மாதிரி இரண்டு பேர், மிருகங்களை மோதவிடும் யமாகேமோ விளையாட்டுக் கருவியோடு வரிசையில் நின்றோமே, அந்த விளையாட்டு. அன்று உன்னைத் தோற்கடித்தது யார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

உனக்கும் எனக்கும் நடுவே ஜப்பான் முழுக்கக் கிடக்கிறது, கருவிகளைச் சேர்க்கும் கம்பி அவ்வளவு நீளம் கிடையாது. அதனால் கடிதத்தில் ஆடுவோம். அதிர்ஷ்ட அடி, அனுபவப் புள்ளி எதுவும் வேண்டாம். எது எதை வெல்லும் என்ற அட்டவணை மட்டும் போதும். நீர் தீயை அணைக்கும். தீ செடியை எரிக்கும். செடி மண்ணைப் பிளக்கும். மண் மின்னலை விழுங்கும். மின்னல் நீரைத் துடிக்க வைக்கும். வேறு எது எதோடு மோதினாலும் இரண்டும் முறைத்துக்கொண்டு நிற்கும், சமன்.

இருவரிடமும் அதே ஐந்து மிருகங்கள்: நீர்ப்பல்லி, தீநரி, மூங்கிலெலி, சேற்றுப்பன்றி, மின்பூனை. மூன்று சுற்று. ஒரு முறை இறக்கியதை மறுபடி இறக்கக் கூடாது. டிசம்பர் ஐந்தாம் தேதியிலிருந்து சனிக்கிழமை தோறும் இருவரும் ஒரே நாளில் தபாலில் போட வேண்டும், அப்போதுதான் ஒருவர் இறக்கியதைப் பார்த்துவிட்டு மற்றவர் இறக்க முடியாது. போடாதவர் தோற்றவர். கடைசியில் சமன் என்றால் மறுபடி முதலிலிருந்து. தோற்பவர் பெயரை விட வேண்டும்.

முடியும்வரை போன் கிடையாது. போனில் நீ பெருமூச்சு விடுவாய், நான் இளகிவிடுவேன்.

மொரிசாகி சிகுசா

*

அசஹிகாவா
27 நவம்பர் 1998

அன்புள்ள சிகுசா,

இங்கே முதல் பெரும்பனி விழுந்துவிட்டது. ஆற்றங்கரை மரங்கள் வெளுத்துவிட்டன. உன் ஊரில் இன்னும் ஆரஞ்சு பறிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நலமா?

(கடிதத்தைப் பருவநிலையில் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நீ எந்தப் பள்ளியில் படித்தாய்?)

ஆட்டத்துக்குச் சம்மதம். ஆனால் என் பக்கத்து நியாயத்தையும் எழுதிவிடுகிறேன். ஏப்ரலில் நான் உன் ஊருக்கு வருகிறேன். வேலையை விடுகிறேன், பனி அள்ளும் வண்டியை விடுகிறேன், அம்மாவை விடுகிறேன், நல்ல சால்மன் மீனை விடுகிறேன். இவ்வளவையும் ஒருவன் மூட்டை கட்டிக்கொண்டு வரும்போது நீ ஒரு பெயரை மட்டும் நகர்த்தக் கூடாதா? "பனியைப் பாத்தாலே வாந்தி வருது, எப்படியாவது என்னைக் கூட்டிட்டுப் போயிடு"னு கெஞ்சினது நீதானே என்று கேட்பாய். கெஞ்சினேன். அது வேறு விஷயம்.

பெண் வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டால் இங்கே என்ன கேட்பார்கள் தெரியுமா? "அவங்க வீட்டுக்குத் தத்துப் போயிட்டியா?" என்று கேட்பார்கள். எங்கள் கராஜ் தலைவர் ஒபனாய் ஏற்கனவே கேட்டுவிட்டார். அம்மா கேட்கவில்லை. கேட்காமல் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைக்கிறாள்.

நம் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "பேரை வெச்சு பொம்மைச் சண்டையா? உங்கப்பா இருந்திருந்தா உன்னைப் பனியில நிக்க வெச்சிருப்பாரு" என்றாள். அப்புறம், "ஜெயிச்சிடுவ இல்ல?" என்றும் கேட்டாள்.

என் தீநரியை உனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்து அவனை மட்டும்தான் நம்பி வளர்த்தேன். ஜாக்கிரதை.

இவஹாஷி ரின்தாரோ

*

ககோஷிமா
5 டிசம்பர் 1998

ரின்தாரோ,

பருவநிலை: இன்று காலை சாம்பல் விழுந்தது. டிராம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என் கை ஓய்ந்துவிட்டது. போதுமா?

முதல் சுற்று. நீ நரியைப் பற்றி அவ்வளவு பெருமையாக எழுதியதே என்னைத் தண்ணீரை இறக்க வைக்கத்தான். நான் பல்லியோடு வருவேன், நீ மின்னலோடு காத்திருப்பாய். சரியா? நல்ல திட்டம். ஒரு குறைதான். நீ பொய் சொல்லும்போது "ஜாக்கிரதை" என்று எழுதுகிறவன்.

அதனால் நான் இறக்குவது சேற்றுப்பன்றி. மண் மின்னலை விழுங்கும்.

உன் அம்மாவை எனக்குப் பிடித்திருக்கிறது. அவரிடம் சொல்லாதே.

சிகுசா

*

அசஹிகாவா
5 டிசம்பர் 1998

அன்புள்ள சிகுசா,

பனிக்காற்று ஜன்னலைத் தட்டுகிறது. நீ குளிர் தாங்காதவள், கழுத்தைச் சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டு.

முதல் சுற்று. பாவம், இந்நேரம் உன் பல்லியைக் குளிப்பாட்டித் தலை வாரி அனுப்பியிருப்பாய். என் கடிதத்தைப் பிரிக்கும்போது உன் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்றுதான் வருத்தம். நான் இறக்குவது நரி இல்லை. மின்பூனை! உன் தண்ணீர் துடிக்கப் போகிறது.

மனசைத் தேற்றிக்கொள். இவஹாஷி சிகுசா என்று சொல்லிப் பார்த்தேன், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

வெற்றி வீரன்,
ரின்தாரோ

*

அசஹிகாவா
12 டிசம்பர் 1998

சிகுசா,

பனி.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கராஜில் வைத்துப் பிரித்தது என் தப்பு. ஒபனாய் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார். "பன்னியா? பன்னி உன் பூனையைத் தின்னுடுச்சா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. இப்போது கராஜில் எல்லோரும் என்னைப் "பூனை" என்று கூப்பிடுகிறார்கள். எந்தக் குடும்பப் பெயரும் வேண்டாம், இதுவே நிலைத்துவிடும் போலிருக்கிறது.

நாலு நாள் யோசித்தேன். நான் நரியை இறக்குவேன் என்று நீ நினைப்பாயா, இறக்கமாட்டேன் என்று நினைப்பாயா, நீ அப்படி நினைப்பாய் என்று நான் நினைப்பேன் என்று நினைப்பாயா. நேற்று வண்டி ஓட்டும்போது இதே யோசனையில் ஒருவர் வீட்டு வாசலை மூடிப் பனியைக் குவித்துவிட்டேன். அவர் ஜன்னல் வழியாக இறங்கி வந்து திட்டினார்.

போதும். இனி யோசிக்கப் போவதில்லை. என்னிடம் எப்போதும் என்ன இருந்ததோ அதையே இறக்குகிறேன். தீநரி. பல்லி வந்து அணைத்தால் அணைக்கட்டும்.

ரின்தாரோ

*

ககோஷிமா
12 டிசம்பர் 1998

வெற்றி வீரருக்கு,

உன் கடிதத்தை டிப்போவில் சத்தமாகப் படித்தேன். "குளிப்பாட்டித் தலை வாரி" என்ற இடத்தில் கைதட்டல் விழுந்தது.

இரண்டாம் சுற்று. முதல் அடியிலேயே மூக்குடைபட்டவன் அடுத்ததைப் பயந்து பயந்துதான் வைப்பான். என் பல்லி இன்னும் என் கையில் இருப்பது உனக்குத் தெரியும், அதனால் நரியை வெளியே விடமாட்டாய். மின்னல் போய்விட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று பன்றியை அனுப்புவாய். மண்ணைப் பிளப்பது செடி. ஆகவே மூங்கிலெலி.

இந்தச் சுற்றோடு முடிந்தது என்று நினைக்கிறேன். அம்மாவிடம் பாத்திரங்களை மெதுவாக வைக்கச் சொல்.

சிகுசா

*

ககோஷிமா
19 டிசம்பர் 1998

ரின்தாரோ,

எரித்துவிட்டாயே. என் மூங்கிலெலி புகைந்துகொண்டு கிடக்கிறது. உன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துத்தான் தோற்றேன். முட்டாள் என்று நினைத்திருந்தால் பல்லியை வைத்தே முடித்திருப்பேன். ஆளுக்கு ஒன்று.

இது மூன்றாம் சுற்று, கடைசி. இந்த முறை நான் வண்டி ஓட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன். இரண்டு நிறுத்தங்களில் அறிவிப்புச் செய்ய மறந்தேன்.

உன் கையில் பல்லி, பன்றி, எலி. என் கையில் பல்லி, நரி, பூனை. பன்றியைத் தோற்கடிக்கக்கூடியது செடி ஒன்றுதான், என் செடியை நீ எரித்துவிட்டாய். அதனால் பன்றியை இறக்கினால் நீ தோற்கவே முடியாது. அதேபோல உன் பூனை செத்துவிட்டது, அதனால் என் பல்லியை அசைக்க ஆள் இல்லை. இருவரும் புத்தியோடு ஆடினால் உன் பன்றியும் என் பல்லியும் எதிரெதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கும். மறுபடி முதலிலிருந்து. இப்படியே நமக்கு அறுபது வயதாகும்.

புதன்கிழமை கடைசி வண்டியில் ஆளே இல்லை. நீ எழுதிய முதல் கடிதத்தை நினைத்துக்கொண்டேன். வேலை, அம்மா, சால்மன் என்று ஒன்றொன்றாக எழுதியிருந்தாயே. நான் அதைப் படித்துச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. நான் எதையும் விடாமல் என் ஊரில், என் வீட்டில், என் வண்டியில் இருக்கிறேன். நீ மட்டும் எல்லாவற்றையும் விட்டு வருகிறாய். போதாது என்று பெயரையும் கழற்றி வைத்துவிட்டு வா என்கிறேன். எனக்கே பேராசையாகத் தோன்றியது. பலகைதானே. மேலாளர் வேறொன்று எழுதித் தருவார்.

நான் இறக்குவது மின்பூனை.

நீ பன்றியைத்தான் இறக்கியிருப்பாய், புத்தி உள்ளவன் வேறெதையும் இறக்கமாட்டான். பன்றி பூனையை என்ன செய்யும் என்று உன் கராஜுக்கே தெரியும். ஜெயித்ததற்கு வாழ்த்துகள். கொஞ்சம் அழுதேன், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

சிகுசா

*

ககோஷிமா
26 டிசம்பர் 1998

இவஹாஷி ரின்தாரோ அவர்களுக்கு,

செவ்வாய் வந்தது, உன் கடிதம் வரவில்லை. புதன் வந்தது, வரவில்லை. இன்று சனிக்கிழமை. தபால்காரரைத் தெருமுனையிலேயே நிறுத்திக் கேட்டேன். "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, வருஷக் கடைசி வேலையே எங்களுக்கு முதுகு ஒடியுது" என்றார்.

நீ போடவில்லை. சரிதானே? என் கடிதம் உனக்கு வந்திருக்கும். பூனையைப் பார்த்திருப்பாய். "தோற்றுக்கொடுத்தாளே" என்று ரோஷம் வந்துவிட்டதா? இல்லை, போன சனிக்கிழமையே ஆட்டத்தில் அலுப்புத் தட்டிவிட்டதா? இல்லை, அம்மா "இந்தப் பொம்மைச் சண்டை போதும்டா, பொண்ணும் வேணாம்"னு சொல்லிவிட்டாரா? மூன்றில் எது என்று தெரியாமல் நேற்று ஒரு நிறுத்தத்தைத் தாண்டி வண்டியை நிறுத்தினேன். ஆறு வருஷத்தில் முதல் முறை.

போடாதவர் தோற்றவர். விதியை எழுதியது நான்தான். அதன்படி நான் ஜெயித்துவிட்டேன், பெயர் எனக்குத்தான். எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தோஷம் இல்லை. உன்னைக் கூப்பிடலாம் என்று நான்கு தடவை போனை எடுத்தேன். ஆட்டம் முடிந்துவிட்டதால் கூப்பிடலாம்தான். உன் பெருமூச்சைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

கோபமா என்று மட்டும் எழுது.

சிகுசா

*

விரைவுத் தபால்
அசஹிகாவா
29 டிசம்பர் 1998

சிகுசா, சிகுசா,

போட்டேன்! பத்தொன்பதாம் தேதியே போட்டேன்! கோபம் இல்லை, ரோஷம் இல்லை, அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உன் பூனையைப் பார்த்து நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். என்னுடையது உனக்குக் கிடைத்திருக்கும், நீ படித்துவிட்டுப் பேச்சு வராமல் இருக்கிறாய் என்று நானும் இங்கே ஒரு வாரமாகத் தூங்காமல் இருக்கிறேன்.

நடந்தது இதுதான். திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. அந்த வாரம் பனி என்னைத் தூங்கவிடவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பார்த்தால் கடிதத் தாள் தீர்ந்துவிட்டது. மேசைமேல் அச்சடித்து வந்த புத்தாண்டு அட்டைகள் கட்டாக இருந்தன. உனக்கு உரிய அட்டையிலேயே, முயல் வருஷத்துக்கான முயல் படத்துக்குப் பக்கத்தில் இருந்த மூலையில், என் மிருகத்தை எழுதினேன். கட்டோடு கட்டாகத் தபாலில் போட்டேன்.

இன்று உன் கடிதம் வந்ததும் தபால் நிலையத்துக்கு ஓடினேன். கவுன்டர் பெண்ணிடம் சொன்னேன், அவள் திருப்பிக் கேட்டாள்.

"அட்டைல சிவப்பா 'புத்தாண்டு'ன்னு அச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"அப்ப ஒண்ணாந்தேதி காலைலதான் குடுப்போம். ஊருக்கே தெரியுமே சார்."

"அதுல அவசரமான சங்கதி ஒண்ணு எழுதியிருந்தேங்க."

"அவசரமான சங்கதியை முயல் பக்கத்துல எழுதுவாங்களா?"

எனக்கும்தான் தெரியும். குழந்தையிலிருந்து தெரியும். புத்தாண்டு அட்டை புத்தாண்டில்தான் போய்ச் சேரும். அன்று என் மூளை வேலை செய்யவில்லை. திருப்பி எடுத்துத் தர முடியாது என்று சொல்லிவிட்டாள்.

நான் என்ன இறக்கினேன் என்று இப்போது எழுதமாட்டேன். உன் பூனையை நான் பார்த்தாகிவிட்டது, இப்போது எதைச் சொன்னாலும் நீ நம்ப வேண்டியதில்லை. அட்டை உங்கள் ஊர்த் தபால் நிலையத்தில்தான் எங்கேயோ கட்டுக்குள் இருக்கிறது, நான் அதைத் தொட முடியாது. வெள்ளிக்கிழமை காலை வரை பொறுத்துக்கொள். அதை முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படி.

மற்ற அட்டைகளும் அன்று காலைதான் எல்லா வீட்டுக்கும் போகும். அன்று நான் விடியும் முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடப் போகிறேன்.

ரின்தாரோ

*

ககோஷிமா
1 ஜனவரி 1999

ரின்தாரோ,

ஏழு மணியிலிருந்து வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டு அம்மா "முதல் சூரியனைப் பாக்கறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தபால்காரர் ரப்பர் பேண்டு போட்ட கட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "இப்ப சந்தோஷமாம்மா?" என்றார்.

முயலுக்குப் பக்கத்தில், கோழி கிறுக்கின உன் எழுத்தில்: மூங்கிலெலி.

நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். என் பன்றி போய்விட்டது, பிளப்பதற்கு என்னிடம் மண்ணே கிடையாது. உன் மூங்கிலெலியால் இனி யாரையும் வெல்ல முடியாது. என் நரியிடம் தோற்க மட்டும்தான் முடியும். அது உனக்குத் தெரியாமல் இருக்காது. தோற்பதற்கென்றே இறக்கியிருக்கிறாய். நானும் தோற்பதற்கென்றே பூனையை இறக்கியிருக்கிறேன். பூனையும் எலியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. சமன்! தோற்கக்கூட நமக்குத் துப்பில்லை.

அப்புறம்தான் நீ சொன்னது நினைவு வந்து அட்டையைத் திருப்பினேன். அனுப்புநர் இடத்தில், கையால் எழுதவில்லை, நல்ல கறுப்பு அச்சில்: மொரிசாகி ரின்தாரோ.

எத்தனை பேருக்கு அனுப்பினாய்? கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த நிமிஷமே வீட்டில் போன் அடித்தது. உன் அம்மா.

"புத்தாண்டு வாழ்த்துகள். இந்த வருஷமும் உங்க அன்பு எங்களுக்கு வேணும். வாழ்த்துச் சொல்லி முடிச்சுட்டேன், இப்ப கத்தலாமா?"

"கத்துங்க அத்தை."

"எம் பையன் அட்டையில உங்க வீட்டுப் பேரு எப்படிம்மா வந்துச்சு? பக்கத்து வீட்டுல இருந்து, என் தங்கச்சி வீட்டுல இருந்து, ஒருத்தர் விடாம காலைல இருந்து போன்! அச்சாபீஸ்காரன் தூக்கத்துல இருந்தானா?"

"அச்சாபீஸ்காரர் இல்லைங்க. உங்க பையன்தான்."

"வெளையாட்டுல தோத்துட்டானா?"

"இல்ல அத்தை. சமன்."

"சமனுக்கு யாராவது பேரைத் தூக்கிக் குடுப்பாங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கமும் ஒரு சத்தம் கேட்டது. அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்வதா, மூக்கு உறிஞ்சினார் என்று எடுத்துக்கொள்வதா தெரியவில்லை.

சமன் என்றால் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். நான் ஆடமாட்டேன். என்னைவிட நீ முந்திக்கொண்டு தோற்றாய், ஊர் முழுக்க அச்சடித்துத் தோற்றாய். நீ கொடுப்பதை நான் வாங்கிக்கொள்கிறேன். போலியாக வேண்டாம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், எனக்கு என் பெயர் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது அதைக் கொடுக்கத் துணிந்தபோதுதான் தெரிந்தது.

ஒன்று மட்டும் சொல். இரண்டாம் சுற்றில் என் எலியை அப்படிக் கொளுத்தினாயே, அப்போதே இந்த நினைப்பு இருந்ததா?

இன்று போனில் பேசலாம். ஆனால் இதற்குப் பதிலைக் கடிதத்தில் எழுது. வைத்துக்கொள்ள வேண்டும்.

சிகுசா

*

அசஹிகாவா
26 பிப்ரவரி 1999

அன்புள்ள சிகுசா,

கூரைப் பனி உருகிச் சொட்ட ஆரம்பித்துவிட்டது. நீ வந்துபோன வாரம் விழுந்த பனி மட்டும் வாசல் ஓரத்தில் இன்னும் குவிந்து கிடக்கிறது. நீ சறுக்கி விழுந்த இடத்தை ஒபனாய் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. இல்லை, எலியைக் கொளுத்தியபோது அந்த நினைப்பு இல்லை. அன்று முழு மனதோடு ஜெயித்தேன், உன்னை ஒரு முறையாவது ஜெயிக்க வேண்டும் என்று மூன்று வருஷமாக ஏங்கினேன். உன் கடிதம் வந்ததும் கராஜில் எல்லோரும் என்னைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். ஒபனாய் முதுகில் தட்டி, "இன்னும் ஒரு சுற்றுதான், அவ பலகையைக் கழட்ட வெச்சிடுவ!" என்றார். அவர் பாசத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன்னுடைய பலகை, அந்தப் பெரியவர் தேடி ஏறும் பலகை, நான் கழற்றியதாகிவிடும். மறுநாள் அச்சகத்தில் அட்டைக்குக் கடைசி நாள். கடைக்காரர் "அனுப்புநர் பேரு, இவஹாஷிதானே, போன வருஷம் மாதிரி?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

நகராட்சி அலுவலகத்தில் நாம் படிவம் கொடுத்தபோது அந்த எழுத்தர், "சார், கட்டம் மாத்தி டிக் அடிச்சுட்டீங்க, புதுப் படிவம் தரட்டுமா?" என்று கேட்டாரே. நீ சிரித்த சிரிப்பில் முத்திரையைக் கோணலாகக் குத்திவிட்டார். அதை இப்போதும் வண்டியில் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ.

நேற்று வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் பெயரை மாற்றக் கொடுத்தேன். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் "மொரிசாகி சார்! மொரிசாகி சார்!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். யாரோ ஒரு செவிடன் உட்கார்ந்திருக்கிறான் போல என்று நானும் சுற்றுமுற்றும் பார்த்தேன். கடைசியில் அவள் கவுன்டரை விட்டு வெளியே வந்து என் முன்னால் நின்றாள். "சார், உங்களைத்தான்." எழுந்தேன். கையெழுத்துப் போடும்போது பழைய பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டு அடித்தேன். புதுத் தாள் கொடுத்தாள், அதிலும் அடித்தேன்.

வருந்தவில்லை சிகுசா, தப்பாக நினைக்காதே. சட்டையைப் பின்பக்கம் முன்பக்கமாகப் போட்டுக்கொண்ட மாதிரி ஒரு கூச்சம், அவ்வளவுதான். அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஆரம்பித்தேன். அவள் அடுப்படியில் மீன் சுட்டுக்கொண்டிருந்தாள். ஜனவரியிலிருந்து பாத்திரங்களைப் பலமாக வைத்துக்கொண்டிருந்தவள், வங்கிக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் தைரியம் வந்துவிட்டது.

"உனக்கு எவ்வளவு நாள்ல பழகுச்சும்மா?" என்று கேட்டேன்.

"எது?"

"இவஹாஷின்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்கறது."

மீனைத் திருப்பிப் போட்டாள். அடுப்பைக் கொஞ்சம் குறைத்தாள். நான் அந்தக் கேள்வியை முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"இன்னும் பழகலடா" என்றாள்.

மொரிசாகி ரின்தாரோ